பொய்யிரை நீந்தும் வகை

கல்வராயன் மலையில் பொழியும் மழைநீர் கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி வந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்து வயல்களை வளப்படுத்துகின்றது. அவற்றிற்கு வடக்கே, கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்த தென்பெண்ணை கிழக்கு நோக்கிச் செல்கின்றது. மணிமுக்தாவுக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட நாட்டில் அமைந்தது ரிஷிவந்தியம். அர்த்தநாரீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்கள் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்வன. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பருவமழை தவறாது பெய்து ஏரி நிரம்பினால் உழவர் உள்ளம் குளிரும். சிறுவர்க்கோ தூண்டில் எடுக்கும் காலம் வந்துவிடும்.

ஏரியில் கெண்டை உண்டு, கெளுத்தி உண்டு, குரவை உண்டு. ஆயினும் தூண்டிற்காரர் பெரிதும் விரும்புவது விராலையே. இலக்கியம் அதனை வரால் என்று வழங்கும். தூண்டில் இரையை விழுங்கிய வரால் படும் பாட்டை அகநானூற்றின் மருதப் பாடல் ஒன்று காட்டுகின்றது. ஆகவே, விராலுக்கும் தூண்டிலுக்கும் உள்ள வழக்கு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

விரால் மற்ற மீன்களைப் போன்றதன்று. அதன் தலை பாம்பின் தலையை ஒத்திருக்கும், வாய் அகன்றது, பற்கள் கூரியவை. அது செவுள்களால் நீரிலுள்ள உயிர்வளியைப் பெறுவதோடு நில்லாமல், நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் நேரே உட்கொள்ளும். ஏரி வற்றும் கோடையில் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிர் காக்கும். அல்லி இலைக்கடியிலும் கோரைப் புதரிலும் அசையாமல் காத்திருந்து, அருகே செல்லும் சிறு மீனையோ தவளையையோ ஒரே பாய்ச்சலில் கவ்வும். உயிருள்ள இரையைத் துரத்திப் பிடிப்பதே அதன் இயல்பு.

இவ்வியல்பை அறிந்தவர்கள் பழங்காலந்தொட்டு உயிருள்ள தவளையைத் தூண்டில் முள்ளில் கோத்து விராலைப் பிடித்து வந்தனர். அம்முறை விராலை வசப்படுத்தியது உண்மையே. ஆயினும் முள்ளில் துடிக்கும் தவளை படும் துன்பம் ஒருபுறம் இருக்க, அதனால் வயலுக்கு நேரும் இழப்பும் எண்ணத்தக்கது. தவளை நெற்பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்பது. கூலி கேளாமல் வயலைக் காப்பது. தவளைக் கால்களை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்யும் வாணிகத்தை இந்திய அரசு 1987ஆம் ஆண்டில் தடை செய்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். வயலுக்குத் துணைவனாகிய உயிரைத் தூண்டிலுக்கு இரையாக்குதல் உழவு நாட்டிற்குப் பொருந்துவதன்று.

ஆகவே, தவளைக்கும் சிறு மீனுக்கும் மாற்றாகப் பொய்யிரை வழக்கிற்கு வந்தது. கடைகளில் விற்கும் ரப்பர்த் தவளையும், மென்மையான பிளாஸ்டிக்கினால் ஆன சிறு மீனும் இவ்வகையின. கைத்திறன் உடையோர் அவற்றைத் தாமே செய்துகொள்வதும் உண்டு. ஆனால், வீட்டில் செய்த பொய்யிரை பலவும் பார்வைக்கு அழகாக இருந்தும் நீரில் இட்டவுடன் ஏமாற்றிவிடும். ஒன்று பம்பரம்போல் சுழலும். ஒன்று மல்லாந்து கிடக்கும். ஒன்று குச்சிபோல் விறைத்து இழுபடும். செய்தவர் வண்ணத்தை மாற்றுவார். கண்ணைப் பெரிதாக எழுதுவார். விரால் திரும்பியும் பாராது. சலித்துப்போனவர் மீண்டும் தவளையைத் தேடிச் செல்வார். எனவே, பொய்யிரையை நன்றாக நீந்தச் செய்யும் வகையை அறிதல், விரால் கிடைப்பதற்கு மட்டுமன்றித் தவளை பிழைப்பதற்கும் வழியாகும்.

மீன் இரையை எவ்வாறு அறிகின்றது? தெளிந்த நீரில் கண் உதவும். மழைக்குப்பின் செம்மண் கரைந்து கலங்கிய ஏரியில் கண்ணால் காணும் தொலைவு மிகக் குறைவு. அங்கே மீனுக்குப் பெருந்துணையாவது அதன் விலாவில் தலைமுதல் வால்வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு. அக்கோட்டிலுள்ள நுண்துளைகளின் கீழே உணர்மயிர்கள் உள்ளன. அருகில் நீர் சிறிது அசைந்தாலும் அம்மயிர்கள் அதனை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கும். சிறு மீன் ஒன்று வாலடிக்கும்போது எழும் நீரசைவைப் பக்கக்கோட்டால் அறிந்து விரால் பாய்கின்றது. செதிளையும் செவுளையும் நுட்பமாக வரைந்த பொய்யிரை அசையாது கிடந்தால், கலங்கல் நீரில் அது சருகுக்குச் சமமே. உருவம் செம்மையாக இல்லாவிடினும் அசைவு செம்மையாக அமைந்தால், அது இரையாகத் தோன்றும்.

இவ்வுண்மையைத் தொழிலின் வழியே கண்டவர் பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ராப்பாலா. அவர் ஏரியில் படகு செலுத்தி மீன் பிடித்து வாழ்ந்தவர். சிறு மீன் கூட்டத்தினிடையே பெருமீன் புகும்போது எம்மீனைக் கவ்வுகின்றது என்று அவர் உற்று நோக்கினார். நேராக நீந்தும் மீன்களை விட்டு, காயமுற்றுச் சற்றே தள்ளாடி நீந்தும் மீனையே பெருமீன் தேர்ந்தெடுத்தது. 1936ஆம் ஆண்டில் அவர் தக்கையைக் கத்தியால் செதுக்கி, அதன்மேல் மிட்டாய் சுற்றி வந்த வெள்ளித்தாளை ஒட்டி, அத்தள்ளாட்டத்தைக் காட்டும் பொய்யிரையைச் செய்தார். மேற்பூச்சுக்கு மெருகெண்ணெய் கிடைக்காமையால் பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார் என்பர். அவர் பெயரால் வளர்ந்த தொழிற்சாலை பொய்யிரைகளைத் தொட்டி நீரில் நீந்தவிட்டுச் சோதிப்பதைத் தன் வழக்கமாகக் கொண்டது. செதுக்குவதோடு வேலை முடிவதில்லை. நீரில் இட்டுத் திருத்துவதே முடிவான வேலை என்பதை அவ்வழக்கம் உணர்த்துகின்றது.

மென்மையான பொய்யிரை தோன்றியதும் ஒரு வீட்டிலேதான். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்னும் தொழிலாளர் வாழ்ந்தார். அவர் காலத்திற்கு முன்பும் ரப்பர்ப் புழுக்கள் இருந்தன; ஆனால், அவை விறைப்பானவை. 1949ஆம் ஆண்டில் நிக் கிரீமும் அவர் மனைவி காஸ்மாவும் பிளாஸ்டிக் கலவையைத் தம் வீட்டிலேயே காய்ச்சி அச்சில் வார்த்து, மண்புழுப்போல் நெளியும் பொய்ப்புழுவைச் செய்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் மென்பொய்யிரைகளுக்கு அதுவே முன்னோடியாயிற்று.

அவ்விரைகளுக்குரிய பொருள் பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கின் நுண்பொடியாகும். குழாய் செய்வதற்கும் அதே பிளாஸ்டிக் பயன்படுகின்றது. ஆயின் குழாய் விறைத்தும் பொய்யிரை குழைந்தும் இருப்பது ஏன்? பொய்யிரைக்கு உரிய பொடியோடு இளக்கி எண்ணெய் என்னும் நீர்மத்தை மிகுதியாகக் கலக்கின்றனர். கலவை முதலில் பால்போல் வெண்மையாக இருக்கும். ஏறத்தாழ 175 பாகை செல்சியசு வரை சூடேற்றினால் தெளிந்து பாகாகும். அப்பாகை அச்சில் வார்த்து ஆறவிட்டால் நுங்குபோல் குழைந்த பொருள் கிடைக்கும். இளக்கி கூடினால் மென்மை கூடும். குறைந்தால் விறைப்பு கூடும்.

இவ்வேலையில் விழிப்பு மிகவும் வேண்டும். பாகின் சூடு கொதிநீரின் சூட்டினும் மிகுந்தது. உடலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். ஒரு துளி நீர் பாகில் விழுந்தாலும் நீர் ஆவியாகிப் பாகைத் தெறிக்கச் செய்யும். அளவு கடந்து காய்ந்து கருகினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் நச்சுப்புகை எழும். ஆதலால், பழகிய பெரியவர்கள், காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. மாணவர்கள் தனித்துச் செய்யத்தக்கதன்று. தேய்ந்த ரப்பர்ச் செருப்பும், கிழிந்த மிதிவண்டிக் குழாயும், கத்தரிக்கோலும் இருந்தால் தீயின்றியே பொய்யிரை ஆக்கிப் பழகலாம். பொருள் எதுவாயினும் நீந்தும் முறை ஒன்றே.

அச்சு செய்வதற்கு முதலில் முன்மாதிரி வேண்டும். கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற கலையாகும். ஆகவே, சிறு மீன் ஒன்றை மரத்தில் செதுக்கும் கைகளுக்கு அப்பகுதியில் குறைவில்லை. முன்மாதிரியைச் சுதைமாவுக் குழைவில் பதித்து எடுத்தால் அச்சு கிடைக்கும். சுதையில் ஈரம் எஞ்சியிருந்தால் சூடான பாகு பட்டதும் அது ஆவியாகி, பொய்யிரைக்குள் குமிழிகளை உண்டாக்கும். குமிழி ஒரு பக்கத்தில் மட்டும் அமைந்தால் அப்பக்கம் இலேசாகி மேலெழும். பொய்யிரை சாய்ந்தே செல்லும். எனவே, அச்சை நன்கு உலர்த்தி, மெருகு பூசி அடைத்தல் இன்றியமையாதது.

மேலே திறந்த ஒற்றை அச்சில் வார்ப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். அச்சில் படியும் பக்கம் வளைவாகவும் மேற்பக்கம் தட்டையாகவும் அமையும். முன்மாதிரியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அச்செடுத்தால், பொய்யிரையின் இடப்பக்கம் ஒருவகையாகவும் வலப்பக்கம் ஒருவகையாகவும் ஆகிவிடும். அது நேராக நீந்துதல் அரிது. முதுகு கீழே இருக்குமாறு பதித்தால் தட்டையான பகுதி வயிறாக அமையும். இடமும் வலமும் ஒத்திருக்கும். நேரான செலவுக்கு இடவல ஒப்புமையே அடிப்படை.

இனி, வால் எவ்வாறு அசைகின்றது என்பதைக் காண்போம். மீன் தன் தசையால் வாலை அசைத்து முன்னே செல்லும். பொய்யிரைக்குத் தசை இல்லை. அதனை நரம்பு முன்னே இழுக்கின்றது. ஓடும் நீர் வாலை அசைக்கின்றது. வாலின் நுனியில் சிறு தட்டு ஒன்று கீழ்நோக்கி மடிந்திருக்கும். உடலையும் தட்டையும் இணைக்கும் மெல்லிய பகுதியை வாற்கழுத்து எனலாம். எதிர்வரும் நீர் தட்டில் மோதி, அதன் இரு விளிம்புகளையும் கடந்து செல்லும். அப்போது ஒருமுறை இடவிளிம்பிலும் மறுமுறை வலவிளிம்பிலுமாக மாறிமாறிச் சுழிகள் பிரியும். சுழி பிரியும் பக்கம் அழுத்தம் குறைவதால் தட்டு அப்பக்கம் ஈர்க்கப்படும். வளைந்த கழுத்து மீள முயன்று தட்டைத் திருப்பும். அதற்குள் மறுபக்கத்தில் சுழி பிரியும். இவ்வாறு இடமும் வலமுமாக வால் அடித்துக்கொண்டே இருக்கும். மதகிலிருந்து விரைந்து வரும் வாய்க்காலில் நட்ட மெல்லிய குச்சி நடுங்குவதும், காற்றில் கொடி படபடப்பதும் இவ்வினத்தைச் சார்ந்தனவே.

வாலடிக்கும் விரைவுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வால் ஒரு நொடியில் அடிக்கும் தடவைகளை அது வீசும் அகலத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுத்தால் வரும் எண், சீராக நீந்தும் உயிர்களில் பெரும்பாலும் 0.2க்கும் 0.4க்கும் இடையில் அமைகின்றது. பறவைகளின் சிறகடிப்பும் இவ்வெல்லைக்குள் அடங்குவதை 2003ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. நொடிக்கு 40 சென்டிமீட்டர் செல்லும் சிறு மீனின் வால் 4 சென்டிமீட்டர் அகலம் வீசுமாயின், அது நொடிக்கு ஏறத்தாழ 3 முறை அடிக்கும் என்று இதனால் கணக்கிடலாம். பொய்யிரையை இழுப்பவர் இவ்வளவை மனத்திற் கொண்டால், தம் இரையின் வாலடிப்பு உயிர்மீனின் வாலடிப்பை ஒத்திருக்கின்றதா என்று ஒப்பிட இயலும்.

வால் அசையவில்லையாயின் முதலில் பார்க்க வேண்டியது கழுத்தின் கனம். ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனம் 4 மில்லிமீட்டராயின் 4 × 4 × 4 = 64; கனம் 3 மில்லிமீட்டராயின் 3 × 3 × 3 = 27. ஆகவே, ஒரே ஒரு மில்லிமீட்டரைச் சீவினால் விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இதனை அறியாதவர் ஒரே வீச்சில் ஆழமாகச் சீவி வாலை அறுத்துவிடுவர். அறிந்தவர் இரு பக்கமும் ஒத்த அளவில், இழைஇழையாகச் சீவி, ஒவ்வொரு முறையும் நீரில் இட்டுப் பார்ப்பர். கழுத்து மெலிந்தும் வால் அசையாவிடின் கலவையில் இளக்கியைக் கூட்ட வேண்டும். அல்லது தட்டைச் சற்றே அகலமாக்க வேண்டும். சில வேளைகளில் குறை இரையில் இராது. இழுக்கும் வேகமே போதாதிருக்கும்.

பெட்டியில் மடிந்து கிடந்தமையால் வால் கோணியிருத்தலும் உண்டு. அத்தகைய இரையை மிகுந்த சூடுள்ள நீரில் சில நொடிகள் இடுக்கியால் பிடித்து அமிழ்த்தி, நேராக நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் இட்டால் வால் நேரான நிலையில் இறுகும். மென்பொய்யிரையிலுள்ள இளக்கி சிலவகைக் கெட்டி பிளாஸ்டிக் பெட்டிகளை அரித்துக் குழைத்துவிடும். ஆதலால், அவற்றை உரிய பையில் நீட்டி வைத்தல் நலம்.

பொய்யிரை பம்பரம்போல் சுழன்றால், குறை பெரும்பாலும் முள்ளைக் கோத்த வகையில் இருக்கும். முள்ளின் தண்டு உடலின் நடுக்கோட்டில் செல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால், உடல் வளைந்துவிடும். வளைந்த உடல் நீரில் படகின் சுக்கான்போல் செயற்பட்டு இரையைத் திருப்பும். விடாது இழுத்தால் இரை சுழன்று நரம்பையும் முறுக்கிவிடும். இதனைத் தவிர்க்கும் வழி எளிது. கோப்பதற்குமுன் முள்ளை இரையின் பக்கத்தில் வைத்து, அது வெளிப்பட வேண்டிய இடத்தை முதுகில் புள்ளியிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மூக்கின் நடுவில் நுழைத்து, குறித்த புள்ளியில் எடுக்க வேண்டும். கோத்தபின் இரை சுருங்காமலும் இழுபடாமலும் இருந்தால் கோப்பு செம்மையானது.

இரை பக்கமாகச் சாய்ந்தோ மல்லாந்தோ சென்றால், எடையின் இடத்தை ஆராய்தல் வேண்டும். மென்பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியை ஒட்டியது. ஈயமோ நீரைப்போல் 11 மடங்கிற்கு மேற்பட்ட அடர்த்தி உடையது. ஆகவே, சிறு ஈயக்குண்டு ஒன்றே இரையின் நிலையை முடிவு செய்யும். ஈயம் முதுகுப்பக்கம் இருந்தால் இரை கவிழும். வயிற்றுப்பக்கம் இருந்தால் நிமிர்ந்து நிற்கும். தலையில் மிகுந்தால் மூக்கு தாழும். வாற்புறம் மிகுந்தால் வால் தொங்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எப்பக்கம் சாய்த்தாலும் நிமிர்வதற்கு அதன் அடியிலுள்ள எடையே காரணம். பொய்யிரையின் வயிற்றிலுள்ள ஈயமும் அத்தொழிலையே செய்கின்றது. ஒவ்வொரு வாலடிப்பிலும் உடல் சிறிது சாய்வதும் ஈயத்தால் நிமிர்வதுமாக அமையும் தள்ளாட்டமே ராப்பாலா கண்ட தள்ளாட்டத்தை ஒத்தது. ஈயம் அளவு மீறினால் அத்தள்ளாட்டமும் நின்றுவிடும்.

முடிச்சும் கருதத்தக்கது. நரம்பை முள்ளின் கண்ணோடு இறுக்கிக் கட்டினால், தடித்த நரம்பின் விறைப்பு இரையின் தலையைப் பற்றிக்கொள்ளும். சிறு வளையம் விட்டுக் கட்டினால் தலை தடையின்றி அசையும்.

தவளைப் பொய்யிரைக்கு வேறு சில இலக்கணங்கள் உண்டு. அது மூழ்காமல் மிதக்க வேண்டும். செருப்பு ரப்பரில் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால் அது நன்றாக மிதக்கும். அதனைத் தவளையின் உடலாக வெட்டி, வயிற்றின் பின்பகுதியில் சிறிது ஈயம் வைத்தால், மூக்கு நிமிர்ந்து பின்புறம் தாழ்ந்து உண்மைத் தவளைபோல் நிற்கும். மிதிவண்டிக் குழாயை மெல்லிய நாடாவாக நறுக்கிப் பின்னங்கால்களாகக் கட்டலாம். இரு கால்களும் நீளத்தாலும் அகலத்தாலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு கால் நீண்டிருந்தால் அப்பக்கத்தில் நீரின் தடை மிகும். தவளை நேரே வாராமல் அப்பக்கமே திரும்பும். கடையில் விற்கும் ரப்பர்த் தவளையின் உள்ளே வெற்றிடம் உண்டு. முள்ளின் கூர் அதன் முதுகோடு படிந்திருக்கும். அதனால் அது அல்லியிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்காமல் வழுக்கிச் செல்லும். விரால் கவ்வும்போது மென்மையான உடல் அமுங்கி முள் வெளிப்படும். விறைப்பான பொருளால் செய்தால் இது நிகழாது.

இவ்வளவையும் ஏரிக்கரையில் நின்று சோதித்தல் அரிது. நீர் கலங்கலாயிருப்பதால் இரையின் அசைவு கண்ணுக்குப் புலனாகாது. பம்புசெட்டுத் தொட்டியே இதற்கு ஏற்ற ஆய்வுக்கூடம். தெளிந்த நீரில் ஒரு முழக் கோலின் நுனியில் நரம்பைக் கட்டி, ஒரே சீரான வேகத்தில் இரையை இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் மெதுவாகவும், பின்பு விரைவாகவும் இழுத்து, எவ்வேகத்தில் வால் அடிக்கத் தொடங்குகின்றது, எவ்வேகத்தில் உடல் கவிழ்கின்றது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டு வேகங்களுக்கும் இடைப்பட்டதே அவ்விரைக்கு உரிய வேகம்.

சோதனையில் மறவாது கடைப்பிடிக்க வேண்டிய நெறி ஒன்று உண்டு. ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். கழுத்தையும் சீவி, ஈயத்தையும் நகர்த்தி, முள்ளையும் மாற்றினால், இரை நீந்தினாலும் எதனால் நீந்தியது என்பது விளங்காது. நீந்தாவிடினும் எதனால் கெட்டது என்பது விளங்காது. ஒன்றை மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து, விளைவைக் குறித்துக்கொண்டு, அடுத்ததற்குச் செல்வோர் ஏழெட்டுச் சோதனைகளிலேயே வெற்றி காண்பர். அறிவியற்கூடத்தில் பெரிய கருவிகளைக் கொண்டு ஆராய்வோர் பின்பற்றும் நெறியும் இதுவே.

நன்கு நீந்தும் பொய்யிரை கையில் இருப்பவர்க்குச் சில கடமைகளும் உண்டு. ஏரியின் மீன்பாசி உரிமை ஏலத்தில் விடப்படுவது வழக்கம். ஆகவே, உரிமையுடையாரின் இசைவு பெற்றே தூண்டிலிடல் வேண்டும். அறுந்துபோன மென்பிளாஸ்டிக் நீரில் மட்காது. அதனை விழுங்கிய மீனின் குடலில் அது தங்கிவிடும். கிழிந்த இரையைக் கரைக்கு எடுத்துவருதல் நன்று. ஒரே வகைப் பிளாஸ்டிக்காயின் அதனை மீண்டும் உருக்கி வார்க்கவும் இயலும். ஈயம் நச்சுத்தன்மை உடையது. அதனைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். தொட்ட கையைக் கழுவியபின்பே உணவு உண்ணுதல் வேண்டும்.

இவை யாவற்றினும் மேலான கடமை ஒன்று உண்டு. விரால் முட்டையிட்ட பின்னர் அதனைக் கைவிட்டுச் செல்வதில்லை. சிவந்த நிறமுடைய நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே திரளாக நீர்மட்டத்தில் திரியும்போது, தாய்தந்தையர் அவற்றின் கீழே நின்று காவல் புரியும். அத்திரளின் நடுவே பொய்யிரை விழுந்தால், காவல் மீன் அதனைப் பகையென்று கருதிப் பாய்ந்து கவ்வும். பசியால் அன்று, பாசத்தால் கவ்வும் அம்மீனைப் பிடித்தல் எளிது. ஆனால், காவல் இழந்த குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் சிறிது பொழுதில் உண்டு தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையை இழப்பதாக அது முடியும். குஞ்சுத் திரளைக் கண்டால் தூண்டிலை வேறிடத்திற்கு எடுத்துச் செல்பவரே அடுத்த ஆண்டும் அவ்வேரியில் விரால் இருக்கக் காண்பர்.

கைப்பிடி அளவுள்ள பிளாஸ்டிக் மீன் ஒன்றை நீந்தச் செய்வது சிறிய வேலையே. ஆயினும் அச்சிறு வேலைக்குள் நீரின் ஓட்டமும், எடையின் நிலையும், பொருளின் விறைப்பும், மீனின் இயல்பும் அடங்கியுள்ளன. அவற்றை அறிந்து பொறுமையோடு திருத்துபவர் கையில் பொய்யிரை உயிர்மீன்போல் வாலடித்துச் செல்லும். அவ்விரை ஏரியில் நீந்தும் நாளில், முள்ளில் கோக்கப்படாத தவளை வயல்வரப்பில் அமர்ந்து தன் காவற்பணியைச் செய்துகொண்டிருக்கும்.